இன்னும் வந்து சேராத முப்பத்தேழாம் எண்

நான் இன்னும் வந்து சேரவில்லையே, எதற்காக இவர்கள் கை தட்டுகிறார்கள் என்று பிரிஜெட் நினைத்தாள். லங்காவித் தீவின் குவா நகரத் திடலில் சுண்ணாம்பால் போட்டிருந்த எல்லைக்கோடு அவளுக்குப் பின்னால் இரண்டடி தள்ளிக் கிடந்தது. யாரோ தோளில் ஈரத் துண்டைப் போட்டார்கள். யாரோ நெஞ்சில் குத்தியிருந்த முப்பத்தேழாம் எண்ணைக் கழற்றிக்கொண்டு போனார்கள். அது 1979 ஆகஸ்ட் மாதம், மணி பிற்பகல் நாலு பத்து. ஐந்தரை மணிக்கு, இருபத்தேழாம் மைல்கட்டையில் ஓட்டக்காரர்களுக்குத் தண்ணீர் கொடுக்க உட்கார்ந்திருந்த பாக் சாலே என்ற மலாய்க்காரர் சைக்கிளில் வந்து சேர்ந்தார். நாலு நாற்பதுக்கு முப்பத்தேழாம் எண் தம் மேசைக்கு இரண்டாம் முறையாக வந்தது என்றும், இரண்டு குவளை தண்ணீர் குடித்து, நன்றி சொல்லி, மறுபடி காட்டுக்குள் ஓடியது என்றும் ஓட்டக் குழுவினரிடம் தெரிவித்தார். பிறகு பெஞ்சில் உட்கார்ந்திருந்த பிரிஜெட்டைப் பார்த்துத் தலையசைத்தார். சைக்கிளைவிட வேகமாக எப்படி வந்தீர்கள் என்று மரியாதையாகக் கேட்டார். அன்று தொடங்கி முப்பத்தேழாம் எண் லங்காவித் தீவில் ஓடிக்கொண்டிருக்கிறது. அன்று தொடங்கி பிரிஜெட் பாலிங் வட்டாரத்தில் கெம்பாஸ் தோட்டத்தில் தன் வீட்டிலும் இருக்கிறாள். இரண்டையும் பார்த்தவர்கள் உண்டு.

கெம்பாஸ் தோட்டம் பாலிங் பட்டணத்திலிருந்து ஒன்பது கட்டை. அரசாங்கம் கிலோமீட்டருக்கு மாறிய பிறகும் அங்கே மைலைக் கட்டை என்றுதான் சொன்னார்கள். சுங்கைப் பட்டாணியில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்த டெஸ்மண்ட், லங்காவியைக் காடும் மலையும் கடற்கரையுமாகச் சுற்றிவரும் நாற்பது கட்டை ஓட்டம் ஒன்றை நடத்தத் திட்டம் போட்டு, தோட்டம் தோட்டமாக ஆள் கேட்டு வந்தார். மேட்டிலும் பள்ளத்திலும் தினம் ஐந்நூறு ரப்பர் மரத்தில் ஓடி ஓடிப் பால் வெட்டுகிறவர்களைவிட இதற்குத் தகுந்த கால்கள் கெடா மாநிலத்தில் கிடையாது என்பது அவர் எண்ணம். விடியுமுன் வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டில், கணக்கெழுதும் பரஞ்சோதி கிராணி இதை அறிவித்தார். ஆண்கள் தரையைப் பார்த்தார்கள். பக்கத்து மரவரிசையில் வெட்டும் நிரைக்காரி மருதம்மாள்தான் வாயைத் திறந்தாள். "நம்ம பிரிஜெட்டப் போடுங்க கிராணி. மரத்துக்கு மரம் அவ பறக்குறதுல, பின்னாடி வர்ற கொசுவுக்கே மூச்சு வாங்குதுலா." எல்லாரும் சிரித்தார்கள். கிராணியும் சிரித்தபடியே பேரை வாசித்தார். பேர் கூப்பிட்டால் "இருக்கேன்" என்று சொல்வது பிரிஜெட்டின் பழக்கம், சொன்னாள். பதினாலு வயதில் பள்ளிக்கூடத்தை நிறுத்தி மரத்துக்கு அனுப்பியபோதும் அப்படித்தான் சொன்னாள். பத்தொன்பது வயதில் மாதா கோயிலில் இஞ்ஞாசிமுத்துவைக் காட்டிச் சாமியார் சம்மதமா என்று கேட்டபோதும் வாயில் வந்தது அதே சொல்தான். சாமியார் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். தன் மனதில் என்ன இருந்தது என்று அவள் பிறகு பலமுறை தேடிப் பார்த்திருக்கிறாள். இருந்த இடம் தெரிந்தது, இருந்தது என்னவென்று தெரியவில்லை.

ஓட்டம் காலை ஐந்து மணிக்குத் தொடங்கியது. பிரிஜெட் கணவனுடைய கால்சட்டையும் அவனுடைய முழுக்கைச் சட்டையும் போட்டிருந்தாள். காலில் பாலிங் கடையில் ஏழு வெள்ளிக்கு வாங்கிய கான்வாஸ் சப்பாத்து. பாதை தெரிவதற்காக டெஸ்மண்ட் ஆட்களை விட்டு மரங்களில் மார்பு உயரத்துக்குச் சிவப்புச் சாயத்தில் பட்டை அடிக்க வைத்திருந்தார். காட்டு மரங்களும் தென்னைகளும் இருந்த வரைக்கும் அதனால் தொந்தரவு இல்லை. இருபத்தேழாம் கட்டையில், பாக் சாலேயின் மேசையைத் தாண்டியதும், மலையடிவாரத்தில் யாரோ கைவிட்ட பழைய ரப்பர்த் தோட்டம் ஒன்று வந்தது. அதன் முதல் மரத்தில் சிவப்புப் பட்டை இருந்தது. கெம்பாஸ் தோட்டத்தில் ஒவ்வொரு வெட்டுக்காரருடைய பங்குக்கும் முதல் மரத்தில் இதே சிவப்புப் பட்டைதான், இதே உயரத்தில்தான் இருக்கும். அந்த மரத்தைக் கண்டால் ஒரு நிரையில் ஏறி, அடுத்த நிரையில் இறங்கி, கடைசி மரம்வரை விடாமல் போக வேண்டும். பதினைந்து வருடமாகப் பிரிஜெட்டின் கால்கள் அதைத்தான் செய்துவந்தன. அன்றும் அவளைக் கேட்காமல் செய்தன. பாதை நேராகப் போனது, அவள் நிரையில் ஏறினாள். பின்னால் வந்த அலோர்ஸ்டார் போலீஸ்காரர் ஒருவர், அந்தப் பெண் அவசரத்துக்கு ஒதுங்குகிறாள் என்று நினைத்துத் தலையைத் திருப்பிக்கொண்டு ஓடிவிட்டதாகப் பின்னர் வாக்குமூலம் கொடுத்தார்.

ஏறியதும் இறங்கியதுமாகப் பத்தொன்பது நிரை. ஒவ்வொரு மரத்தையும் அவள் கையால் தொட்டாள், பட்டை ஈரமா என்று பார்த்தாள், அடுத்த மரத்துக்கு ஓடினாள். கையில் கத்தி இல்லை, தோளில் வாளி இல்லை. மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்தில் பால் வடியக் காத்திருக்க வேண்டியதில்லை. திரும்பி வந்து எடுத்து ஊற்ற வேண்டியதும் இல்லை. மரத்துக்குப் பின் மரம் மட்டுமே இருந்தது. தான் தப்பு செய்கிறோம் என்று ஒன்பதாம் நிரையிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் பத்தாம் நிரையில் ஏறியது எதனால் என்றுதான் தெரியவில்லை. பத்தொன்பதாம் நிரையின் கடைசி மரத்தில் நின்றாள். இடப்பக்கம் இறங்கினால் பாதை, வலப்பக்கம் திரும்பினால் இருபதாம் நிரை. பிரிஜெட் இரண்டையும் செய்தாள்.

தோட்டத்துக்குத் திரும்பிய மறுநாள் பெரட்டில் பரஞ்சோதி கிராணி சற்று யோசித்தார். பேர் கூப்பிட்டார், ஒரு குரல் வந்தது. ஒரு குரலுக்கு ஒரு பேர் என்று எழுதிக்கொண்டு அடுத்த ஆளுக்குப் போனார். கூலிம் கோயில் சாமியார் ஒரு மாதம் எடுத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வருகிறவள் தம் பங்கைச் சேர்ந்தவள், மற்றவள் தீவைச் சேர்ந்தவள், அங்கே நிலையான சாமியார் இல்லாததால் அவளை யாரும் கேட்க முடியாது என்றார். தோட்டத்துச் சனங்களுக்கு இது பெரிய அதிசயமாகப் படவில்லை. ஒரு பங்கை வெட்டும் நாளில் அடுத்த பங்கு மரங்கள் ஓய்வில் இருக்கும், மறுநாள் மாறும். மரத்துக்கு இருக்கிற வசதி ஒரு பொம்பளைக்கு வந்தால் என்ன என்று மருதம்மாள் கேட்டாள். ஆனால் பிரிஜெட்டுக்கு ஓய்வும் வேலையும் மாறி மாறி வரவில்லை. இரண்டும் சேர்ந்தே வந்தன. சோற்றுப் பானைக்கு முன் உட்கார்ந்திருக்கும்போது உள்ளங்கால் சில்லென்று நனையும். அங்கே ஓடையைத் தாண்டுகிறாள் என்று தெரியும். வெயில் காயும் பாலிங்கில் அவள் தலைமுடியிலிருந்து மழைநீர் சொட்டும். கோலக் கெடாவில் லங்காவிப் படகு ஏறப் போகிறவர்கள் முதல்நாள் மாலை வந்து, "அக்கா, அங்க கடல் எப்படி?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். அவள் சொன்னது தப்பியதில்லை. ஆணியில் மாட்டியிருந்த கான்வாஸ் சப்பாத்து மாட்டியபடியே தேய்ந்தது. மூன்று மாதத்துக்கு ஒரு ஜோடி. ஓட்டை விழுந்ததும் அவள் பாலிங்குக்குப் போய்ப் புது ஜோடி வாங்கி அதே ஆணியில் மாட்டினாள். தட்டினால் மணல் கொட்டும். வெள்ளை மணல், பாலிங் பக்கத்தில் அப்படி மணல் கிடையாது. களைப்பு வரும்போது அது யாருடைய களைப்பு என்று பிரிக்கத்தான் அவளுக்குத் தெரியவில்லை. சில சமயம் காரணமில்லாமல் மனம் லேசாகும். அது யாருடையது என்பதும் தெரியவில்லை. மனம் லேசான நாட்களில் அவள் யாரிடமும் சொல்லாமல் மெதுவாக வேலை செய்வாள், சிந்திவிடக் கூடாது என்பதுபோல.

ஒவ்வொரு ஆகஸ்டிலும் டெஸ்மண்ட் வாத்தியார் மோட்டார் சைக்கிளில் வந்தார். அவர் எழுதிய விதிகளில் பதினாலாவது, கடைசி ஆள் வந்து சேரும்வரை, அல்லது விலகிக்கொள்ளும்வரை, ஓட்டம் முடிந்ததாகாது என்று சொன்னது. காட்டில் யாரையும் விட்டுவிட்டு வந்துவிடக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் எழுதியது அது. அதனால் 1979 ஓட்டம் முடியவில்லை, முடியாததால் 1980 ஓட்டம் தொடங்கவில்லை. முதலாம் பரிசுக் கோப்பை அவருடைய வீட்டு அலமாரியில் துணி சுற்றி இருந்தது. தீவில் ஓடுகிறவளைத் தொண்டர்களை விட்டு மறித்துப் பார்த்தார்கள். அவள் நின்று, தண்ணீர் வாங்கிக் குடித்து, வழி கேட்டு, வழி விட்டதும் போய்விடுகிறாள். நிரைகளை முடித்து மலையேறுகிறாள், வடக்கே தாதாய் கடற்கரையில் இறங்குகிறாள், குவாவுக்கு ஒரு கட்டை இருக்கும்போது திரும்பிவிடுகிறாள். எல்லைக்கோட்டைத் திடலிலிருந்து பேர்த்து அந்த இடத்துக்கே கொண்டுபோய்ப் போட்டார்கள். அந்த நாளில் இரண்டு கட்டைக்கு முன்பே திரும்பினாள். ஒரே வழி, பெரட்டில் கூப்பிடுவதுபோல அவள் பேரைக் கூப்பிடுவது என்று டெஸ்மண்ட் கண்டுபிடித்தார். தோட்டத்தில் பிறந்த யாரும் பேர் கூப்பிட்டால் நின்றுவிடுவார்கள். பரஞ்சோதி கிராணியை அழைத்துப்போய்க் கூப்பிட வைத்தார். அவள் ஓட்டத்தை ஒரு நொடி தளர்த்தி, கிராணியை அடையாளம் கண்டு, வணக்கம் சொல்லிவிட்டுப் போனாள். அந்த ஒரு நொடியில், கெம்பாஸ் தோட்டத்தில் பால் எடுத்துக்கொண்டிருந்த பிரிஜெட்டுக்குக் கண் இருட்டி, வாளி கையிலிருந்து விழுந்தது. இனி பிரிஜெட்டின் குரலுக்குத்தான் ஓடுகிறவள் நிற்பாள் என்று எல்லாரும் முடிவுசெய்தார்கள். பிரிஜெட்டும் அப்படித்தான் நினைத்தாள். தான் போய்க் கூப்பிட்டால் அவள் நிச்சயம் "இருக்கேன்" என்று சொல்லி நின்றுவிடுவாள். பிறகு ஓடமாட்டாள். டெஸ்மண்ட் கேட்கும்போதெல்லாம் பிரிஜெட், "பாப்போம் சார், இந்த வருசம் போகட்டும்" என்றாள். முடியாது என்று சொல்ல அவளுக்கு வரவில்லை. வருகிறேன் என்று சொல்லவும் வாய் வரவில்லை. இது அவளுக்குப் புதிது, அதையே ஒன்பது வருடம் யோசித்துக்கொண்டிருந்தாள்.

இஞ்ஞாசிமுத்து தோட்டத்துப் பால் லாரி ஓட்டுகிறவன். அடிக்க மாட்டான், குடித்தாலும் சத்தம் போட மாட்டான். மனைவியைப் பற்றி நிறைய யோசித்ததும் இல்லை. ஓட்டத்துக்குப் பிறகுதான் யோசிக்கத் தொடங்கினான். 1983இல் யாரிடமும் சொல்லாமல் படகேறிப் போய், பாக் சாலேயின் மேசைக்குப் பக்கத்தில் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருந்தான். அவள் வந்தாள். அவனுடைய கால்சட்டையும் அவனுடைய சட்டையும் போட்டிருந்தாள். நாலு வருடத்து வெயிலில் சட்டையின் நிறம் போயிருந்தது. "வாங்க, எப்ப வந்தீங்க?" என்று கேட்டாள், தண்ணீர் குடித்தாள். பதில் சொல்ல அவன் வாயைத் திறப்பதற்குள் போய்விட்டாள். வீட்டுக்கு வந்தவன் இரண்டு நாள் லாரி வேலைக்குப் போய்வந்தான். மூன்றாம் நாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னான்.

"பாத்துட்டு வந்தேன்."

"தெரியும். ஒங்க தலையில எண்ணெ பத்தல."

"ஒன்ன மாதிரியேதான் இருக்கா." கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்தான். "ஆனா சிரிக்கிறா."

பிரிஜெட் ரசத்தை எடுத்து ஊற்றினாள். தான் சிரிப்பதில்லையா என்று கேட்க நினைத்தாள். கேட்டால் அவன் யோசித்துப் பார்ப்பான், யோசித்தால் உண்மையைச் சொல்வான் என்று விட்டுவிட்டாள். அன்றிலிருந்து இஞ்ஞாசிமுத்துவும் டெஸ்மண்ட் பக்கம் சேர்ந்தான். தனக்குக் கிடைத்திருப்பது முழு ஆள் இல்லை என்று அவனுக்குப் பட்டது. அந்தச் சிரிப்பு வீட்டுக்கு வர வேண்டும் என்று ஆசைப்பட்டான், அதில் தவறு சொல்ல முடியாது. பிரிஜெட்டுக்கும் சில நாள் அந்த ஆசை இருந்தது. அவளைக் கூப்பிட்டுவிட்டால் சிரிப்பு தன்னிடம் வருமா, அல்லது அவளும் தன்னைப்போல ஆகிவிடுவாளா என்று துணி துவைக்கும்போது நினைப்பாள். துவைத்து முடிக்கும்வரை பதில் கிடைக்காது. மறுநாள் மறுபடி துணி சேர்ந்துவிடும்.

1985இல் கெம்பாஸ் தோட்டத்து ரப்பர் மரங்களை வேரோடு சாய்த்து, எண்ணெய் எடுக்கும் செம்பனை நட்டார்கள். எட்டு மாதத்தில் வேலை முடிந்தது. வெட்டுக்காரர்களைப் புல் மருந்து அடிக்கவும், பிறகு உதிர்ந்த பழம் பொறுக்கவும் மாற்றினார்கள். பிரிஜெட்டின் முதல் மரம், சிவப்புப் பட்டையோடு, ஒரு செவ்வாய்க்கிழமை சாய்ந்தது. அவள் அழவில்லை. குனிந்து பழம் பொறுக்கும் வேலையில் இடுப்பு பிடித்துக்கொண்டது. ஆனால் கால்கள் இன்னும் பெரட்டு நேரத்துக்கு விழித்துக்கொண்டு, நிரையில் ஏறுவதை உணர்ந்தன. ஒரு மரம், அடுத்த மரம், அடுத்த மரம். தன்னுடையது இல்லாத ஒரு தோட்டத்தில், யாரும் நிறுத்துப் பார்க்காத ஒரு வேலை.

1987இல் லங்காவியை வரியில்லாத் தீவு ஆக்கினார்கள். கெம்பாஸ் தோட்டத்துப் பெண்கள் பஸ்ஸும் படகும் பிடித்துப் போய், போர்வையும் பீங்கான் தட்டும் சாக்லேட்டும் வாங்கி வந்தார்கள். மருதம்மாள் போனவள், இருபத்தேழாம் கட்டைவரை வாடகைக் காரில் போய்ப் பார்த்துவிட்டும் வந்தாள்.

"போர்வ என்ன விலை தெரியுமா? பாதிதான்லா. அப்புறம் ஒன் ஆளையும் பாத்தேன்."

"எப்படி இருக்கா?"

"கறுத்துட்டா. ஏன்டி, ஒனக்கு இங்க இடுப்பு வலி, அவ அங்க மான் மாதிரி போறா. நாந்தான் அப்பவே சொன்னேன், கொசுவுக்கு மூச்சு வாங்கும்னு." மருதம்மாள் பையிலிருந்து ஒரு சாக்லேட்டை எடுத்து நீட்டினாள். "அவளுக்கும் ஒண்ணு குடுத்தேன். வாங்கிக்கிட்டா."

பிரிஜெட் நாக்கால் பல்லைத் தடவிப் பார்த்தாள். போன வியாழக்கிழமை நாள் முழுக்க வாயில் இனித்தது எதனால் என்று இப்போது தெரிந்தது. ஒரு குழப்பமாவது தீர்ந்ததே என்று இருந்தது அவளுக்கு.

1988 ஆகஸ்டில் டெஸ்மண்ட் மோட்டார் சைக்கிளில் வரவில்லை, காரில் வந்தார். தலை பாதி நரைத்திருந்தது. மறு வருடம் பணி ஓய்வு. கையில் 1979ஆம் வருடத்து முடிவுப் பட்டியல் இருந்தது. முப்பத்தேழாம் எண்ணுக்கு நேரே நாலு பத்து என்று எழுதி, அடித்து, பிறகு வெறுமையாக விடப்பட்டிருந்தது. இந்த முறை அவர் ஓட்டத்தைப் பற்றிப் பேசவில்லை. தீவில் இருந்த அந்தப் பழைய ரப்பர்த் தோட்டத்தை ஓட்டல் கட்ட விற்றுவிட்டார்கள், அக்டோபரில் மரம் சாய்க்க இயந்திரம் வருகிறது என்றார். முன்வாசல் பலகையில் உட்கார்ந்து, பிரிஜெட் கொடுத்த தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல் பேசினார்.

"நெரை இல்லாமப் போனா அவ எங்க ஓடுவா தங்கச்சி? வண்டியும் லாரியும் வர்ற எடம். எனக்கு ராத்திரி தூக்கமே இல்ல. கோப்பையக்கூட விடு. நான்தான அந்தச் சாயத்த அடிக்கச் சொன்னவன். ஒரு நாள் வா. படகு டிக்கெட் எடுத்தாச்சு. மேசைக்கிட்ட நின்னு ஒரு தடவ பேரச் சொல்லிக் கூப்பிடு, போதும்."

உள்ளே கதவோரம் நின்றிருந்த இஞ்ஞாசிமுத்து, "போயிட்டு வந்துரலாம் பிரிஜி. நானும் வரேன்" என்றான். அவன் சட்டை மாற்றி, தலை வாரி, தயாராக இருந்தான். அவன் அப்படி நிற்பதைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

பிரிஜெட் ஆணியில் கிடந்த சப்பாத்தைப் பார்த்தாள். முந்தாநாள் பதினொரு வெள்ளிக்கு வாங்கி மாட்டிய புது ஜோடி. அடிப்பகுதி அதற்குள் அழுக்காகியிருந்தது. கெம்பாஸ் தோட்டத்து மரங்களைச் சாய்த்தபோதும் தீவில் அவள் ஒரு நாளும் நின்றதில்லை என்பது நினைவுக்கு வந்தது. அங்கே ஓடுகிறவளுக்கு மரங்கள் வேண்டுமா என்று அவள் இதுவரை கேட்டுக்கொண்டதே இல்லை. இருபதாம் நிரை என்று ஒன்று அந்தத் தோட்டத்தில் உண்மையிலேயே இருந்ததா என்பதும் அவளுக்கு இப்போது உறுதியாகத் தெரியவில்லை. திரும்பியது மட்டும் நினைவிருந்தது. அது யார் நினைவு என்று பிரித்துப் பார்க்க அவள் முயலவில்லை. அவளுடைய உள்ளங்கால் சில்லென்று நனைந்தது. ஓடை. அடுத்தது ஏற்றம். அவள் மூச்சு கொஞ்சம் வேகமாகி, பிறகு சீராகியது. பக்கத்தில் இருந்த இரண்டு பேரும் அதைக் கவனித்துக்கொண்டு பேசாமல் காத்திருந்தார்கள். ஏற்றம் முடியும்வரை பிரிஜெட்டிடம் பேச்சுக் கொடுக்கக் கூடாது என்பது ஒன்பது வருடத்தில் அந்த வீட்டில் எல்லாருக்கும் பழகியிருந்தது.

ஏற்றம் முடிந்தது. டெஸ்மண்ட், பரஞ்சோதி கிராணி பெரட்டில் கூப்பிடுவதைப்போலவே, "பிரிஜெட்" என்றார்.

அவள் சப்பாத்தை ஆணியிலிருந்து எடுத்து, வாசலுக்கு வெளியே மணலைத் தட்டி, மறுபடி மாட்டினாள்.

"நான் கூப்பிடல சார்" என்றாள். "தேத்தண்ணி ஆறுது, குடிங்க."